போயிட்டு பா, நான் இருக்கேன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன். ஒரு முழப் பாம்பைப் பார்த்தால் வீடு வந்து சேர்வதற்குள் அது மூன்று முழமாகிவிடும். ரிட்டையர் ஆன பிறகு இந்த வியாதி முற்றிவிட்டதாக வீட்டில் சொல்கிறார்கள். இதிலும் லைன் லீடர் பிரகாஷின் மீசை நான் எழுதப்போகிற அளவுக்குப் பெரிதில்லை. கழிப்பறையும் நான் எழுதப்போகிற அளவுக்குத் தூரமில்லை. ஆனால் பதினாலாம் போர்டில் வந்து நின்ற அந்தப் பெண்மணியைப் பற்றி எழுதும் இடத்தில் மட்டும் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. கூட்டிப் பார்த்தேன். எடுத்துவிட்டேன்.

இன்னொன்று. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, நாய் ஊளையிட்ட பிறகுதான் வரும் என்று காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ஃபேக்டரிப் பேய்க்கு அந்தச் சம்பிரதாயமெல்லாம் கிடையாது. இது ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பேய். பட்டப்பகல். டியூப் லைட் வெளிச்சம். மணி சரியாக 11.40.

2006ஆம் வருஷம், நவம்பர் மாதம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி. காருக்குள்ளே ஓடுகிற நூற்றுக்கணக்கான வயர்களைச் சடை பின்னுவதுபோல் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றி, கட்டாக்கி அனுப்புகிற இடம். அதில் ஒரு லைனில் இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் சாய்வாக ஒரு போர்டு. எழுபத்திரண்டு விநாடிக்கு ஒரு தடவை பஸ்ஸர் அடிக்கும். ‘பீங்’. உன் வேலையை முடித்துக் கட்டை அடுத்தவளிடம் தள்ளிவிட வேண்டும். ஒருத்தி நகர்ந்தால் இருபத்திரண்டு பேருக்கும் வேலை நின்றுபோகும். அதனால் ஒருத்தியும் நகர முடியாது.

பதினாலாம் போர்டில் டேப் சுற்றுகிறவள் பிரவீனா. காவேரிப்பட்டினத்துப் பக்கத்துக் கிராமம். வயது இருபத்து மூன்று. புருஷன் பூபதி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீடு. காலை 5.10க்குக் கம்பெனி பஸ். ஓசூர் நவம்பர்க் குளிரில் அந்த பஸ்ஸுக்காக நிற்கும்போது பல் அடிக்கிற சத்தம் பெங்களூருக்கே கேட்கும்.

பிரவீனாவிடம் ஒரு ரகசியம் இருந்தது. இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது.

அது நல்ல செய்திதான். ஆனால் போன மார்ச்சில் இதே மாதிரி ஒரு நல்ல செய்தி நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. இந்தத் தடவை டாக்டரம்மா சீட்டை எழுதிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்.

“நீர்க்கடுப்பு இருக்கு. தண்ணி நிறையக் குடிக்கணும். வந்தா உடனே போகணும். அடக்கினா கிருமி மேல ஏறும். அப்புறம் இதுவும் தங்காது.”

“செரிங்க மேடம்” என்றாள் பிரவீனா. வேறென்ன சொல்வாள்?

வந்தால் உடனே போவதற்கு ஆள் வேண்டும். போர்டை விட்டுப் போகிறவளுக்குப் பதிலாக வந்து நிற்பவளுக்கு லைனில் ரிலீவர் என்று பெயர். அந்த லைனில் ரிலீவர் இல்லை. இருந்த வேலை எடுக்கப்பட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலை ஆறு மணிக்கு நின்றால் 9.20க்கு டீ, 12.15க்குச் சாப்பாடு. அப்போது மட்டும் போகலாம். நூற்றுப்பத்துப் பெண்களுக்குக் கழிப்பறை மூன்று. அதில் மூன்றாவது பூட்டு. அதுவும் எங்கே? ஷெட்டின் அந்தக் கோடியில். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் இருக்கிறது என்றே நான் சொல்வேன். வரிசையில் நின்று முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீரே குடிப்பதில்லை.

கம்பெனி சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். அக்டோபரில்தான் ஆரோக்கிய வாரம் கொண்டாடினார்கள். ஆளுக்கொரு தொப்பி. தண்ணீர் ஃபில்டருக்கு மேலே கண்ணாடி போட்ட படம்: ‘தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்’. பெங்களூரிலிருந்து வந்த யோகா மாஸ்டர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிப் பத்து நிமிஷம் மூச்சு விட வைத்தார். அந்தப் பத்து நிமிஷத்தை மறுநாள் டீ நேரத்தில் கழித்துக்கொண்டார்கள்.

பதினைந்தாம் போர்டு சத்யப்ரியா, மதுரைப் பக்கம், வாய் சும்மா இருக்காது. “மூச்ச விடுங்க, மூச்ச விடுங்கன்னு உசுர வாங்குனான்டி. ஒண்ணுக்கு விடுங்கன்னு ஒரு வார்த்த சொன்னானா?”

ஜனவரியில் நிரந்தரம் ஆக்கும் பட்டியல் வரும். அதற்குள் வயிறு தெரிந்தால் பெயர் இருக்காது. அது எழுதாத சட்டம். ஆகவே பிரவீனா யாரிடமும் சொல்லவில்லை. வேலையும் வேண்டும், பிள்ளையும் வேண்டும். நடுவில் இருந்தது ஐந்து நிமிஷம். தினம் ஒரு ஐந்து நிமிஷம்.

நவம்பர் 13, திங்கட்கிழமை.

காலையில் டாக்டரம்மா சொன்னபடி இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டாள். 11.30க்கு அடிவயிறு கல்லானது. பல்லைக் கடித்தாள். லைன் லீடர் பிரகாஷ் அந்தப் பக்கம் நின்றிருந்தான். அவன் மீசையின் ஒரு முனை தமிழ்நாட்டில் இருந்தால் மறுமுனை கர்நாடகத்தில் இருக்கும்.

“சார், ரெண்டே நிமிசம்.”

“லஞ்ச்ல போம்மா.”

“முடியல சார்.”

“அப்ப எனக்கு மட்டும் முடியுதா? காலைலேர்ந்து நின்னுட்டிருக்கேன்.” போய்விட்டான்.

பஸ்ஸர் அடித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்போது வலது தோளில் இரண்டு தட்டு. லேசாக.

திரும்பினாள். நடுவயதுப் பெண்மணி. மாநிறம். நெற்றியில் நாணய அகலத்துக்குக் குங்குமம். நீலக் கோட்டு போட்டிருந்தாள்.

“போயிட்டு பா. நான் இருக்கேன்.”

‘வா’ என்று வராமல் ‘பா’ என்று வந்தது. கன்னடத்துக்காரர்கள் வாயில் அப்படித்தான் வரும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இதெல்லாம் சகஜம். புது ரிலீவர் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு பிரவீனா ஓடினாள். ஓடும்போது சின்னதாக ஒன்று உறுத்தியது. லைனில் எல்லோருக்கும் பச்சைக் கோட்டு. அந்த அக்கா கோட்டு ஏன் நீலம்? அதுவும், இடது பக்கம் தோளிலிருந்து விளிம்பு வரை நனைந்திருந்தது...

கழிப்பறையில் யாரும் இல்லை. முதல் கதவுக்குள் போனாள். உயிர் வந்தது. அந்த நிம்மதியில் ஒரு சத்தம் காதில் விழுந்தது. மூன்றாவது அறையில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

சொட்... சொட்... சொட்...

வெளியே வந்து பார்த்தாள். மூன்றாவது கதவில் பூட்டு தொங்கியது. சாக்பீஸில் ‘ரிப்பேர்’ என்று எழுதியிருந்தது.

11.46க்குப் போர்டுக்குத் திரும்பினாள். போர்டில் ஆள் இல்லை. ஆனால் வேலை முடிந்திருந்தது. சரியாக ஐந்து கட்டு. டேப் சுற்றி, நுனி மடித்து, ஒன்றும் தேங்காமல். பஸ்ஸர் அடித்தது. அடுத்த கட்டை எடுத்தாள். சந்தோஷத்தில் நன்றி சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மறுநாளும் 11.40. தோளில் இரண்டு தட்டு. “போயிட்டு பா. நான் இருக்கேன்.” அதற்கு மறுநாளும். தினமும். பிரவீனா தைரியமாகத் தண்ணீர் குடித்தாள். கடுப்பு குறைந்தது. முகத்தில் ரத்தம் ஊறியது. மூன்று வாரம் அப்படிப் போனது. அந்த அக்காவை மனசுக்குள் குலசாமிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு குறை. சாப்பாட்டு மணியில் தேடினால் அந்த அக்கா கேன்டீனில் இல்லை. பஸ்ஸிலும் இல்லை. டிசம்பர் 2, சனிக்கிழமை சாப்பாட்டில் சத்யப்ரியாவிடம் கேட்டாள்.

“ஏங்க்கா, நம்ம ரிலீவரு எந்த பஸ்ஸு?”

“எந்த ரிலீவரு?”

“அதான், தெனம் நான் பாத்ரூம் போவறப்ப என் போர்டுல வந்து நிப்பாங்களே. நீலக் கோட்டு.”

சத்யப்ரியா டிபன் பாக்ஸை மூடினாள். “நீ எப்படி பாத்ரூம் போன?”

“தெனம் பதினொன்னே முக்காலுக்குப் போவறனே.”

“என்னடி உளறுற? நீ ஒருநாளும் போகலையே. உன் பக்கத்துலதான நிக்கிறேன். மதியம் வரைக்கும் அசையாம நீதான் நிக்கிற. எப்படித்தான் அடக்குறாளோன்னு நானே நெனச்சுக்கிருவேன்.”

பிரவீனா எடுத்த சோற்றை டிபனிலேயே திரும்ப வைத்தாள்.

“என்னையா பாத்த?”

“உன்னையத்தான். ஒரே ஒரு நாளு கூப்பிட்டேன். நீ திரும்பல. டேப்ப சுத்திக்கிட்டே இருந்த...”

டிசம்பர் 4, திங்கட்கிழமை. அன்றும் 11.40க்குத் தோளில் தட்டு விழுந்ததும், பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அடக்க முடியாமல் ஓடிவிட்டாள். அதிலிருந்து எல்லாம் வேகமாக நடந்தது.

லைனின் கடைசியில் செக் பண்ணுகிறவள் சாந்தம்மா. உள்ளூர்க்காரி. பதினோரு வருஷ சர்வீஸ். மூன்று வாரம் லீவில் இருந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தாள்; அதுவரை அவள் இடத்தில் நின்ற புதுப் பெண் கண்ணால் மட்டும் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். கட்டை எடுத்து விரலால் ஒரு தடவை தடவுவாள். டேப் சரியாகச் சுற்றியிருந்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். அன்று 11.50க்கு வந்த கட்டில் விரல் தடுக்கியது. எல்லோரும் வலது பக்கமாகச் சுற்றுவார்கள். இது இடது பக்கமாகச் சுற்றியிருந்தது. இடது கைக்காரி சுற்று.

அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். ஐந்து.

பிரகாஷ் ஐந்து கட்டையும் தூக்கிக்கொண்டு பிரவீனாவிடம் வந்தான். “உன் போர்டுல வேற யாரு கை வெக்கறது?”

அவள் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள்.

“வெளியாள விட்டு வேலை செய்யச் சொல்லிட்டு நீ ஊர் சுத்தறியா? நாளைக்கும் இப்படி வந்துச்சுன்னா கார்டைக் குடுத்துட்டுக் கெளம்பு. ஜனவரியெல்லாம் மறந்துடு.”

அவன் போன பிறகும் சாந்தம்மா போகவில்லை. அந்தக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“யாரும்மா இது சுத்தினது?”

“ஒரு அக்கா. நீலக் கோட்டு. போயிட்டு பா, நான் இருக்கேன்னு சொல்வாங்க.”

சாந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டாள். “ஐயோ தேவரே... கெம்பக்கா.”

சாப்பாட்டு நேரத்தில், ஷெட்டுக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கெம்பம்மா இந்த லைனுக்கும் பக்கத்து லைனுக்கும் சேர்த்து ரிலீவர். இடது கைக்காரி. அப்போதெல்லாம் நீலக் கோட்டுதான். பச்சை பிறகு வந்தது. போன வருஷம் ஒரு நாள் வேலைக்கு வந்ததிலிருந்தே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 11.40க்குப் பாத்ரூம் போனாள். திரும்பவில்லை.

“யாரும் தேடலையாக்கா?”

“யாரு தேடுவாங்க? போர்டுல நிக்கறவ போனா லைன் நின்னுடும், தெரிஞ்சுடும். ரிலீவருக்குப் போர்டே கெடையாதே. ரெண்டாம் லைன்ல இருக்கான்னு நாங்க நெனச்சோம். மொதல் லைன்ல இருக்கான்னு அவங்க நெனச்சாங்க. ரெண்டு ஐம்பதுக்குக் கூட்டற ஆளு கதவத் தட்டிப் பாத்துச்சு. மூணாவது ரூமு. இடது பக்கமா விழுந்து கெடந்தா. கொழா தொறந்தபடி. தண்ணியில...”

“விழுந்தப்பவே போயிட்டாங்களா?”

“மொதல் ஒரு மணி நேரம் உசுரு இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. எல்லாரையும் அனுப்பி வெச்சா. அவள அனுப்பி வெக்க ஆளில்ல.” மூக்கை உறிஞ்சினாள். “அதுக்கப்புறம் ரிலீவரே வேணாம்னுட்டாங்க. அந்த ரூமப் பூட்டிட்டாங்க.”

அன்று ராத்திரி பிரவீனா பூபதியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஆட்டோ டியூ நினைவுக்கு வந்தது. தண்ணீர் குடிக்காமல் போய்விடலாம் என்று நினைத்தாள். மார்ச் மாதம் நினைவுக்கு வந்தது. விடிவதற்குள் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறினாள்.

டிசம்பர் 5. செவ்வாய்.

10.50க்கே முட்டியது. அடக்கினாள்.

11.20. காலை மாற்றி மாற்றி ஊன்றினாள்.

11.35. போகக் கூடாது... இன்றைக்குப் போகக் கூடாது...

11.39. பிரகாஷ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

11.40.

தோளில் தட்டு. ஒன்று. இரண்டு.

அவள் திரும்பவில்லை.

ஃபினாயில் வாசனை. இடது பக்கமிருந்து குளிர். சொட்டென்று ஒரு துளி அவள் செருப்பின்மேல் விழுந்தது.

“போயிட்டு பா.”

“வேணாங்க்கா...”

“புள்ள இருக்குதில்ல. அடக்காத. போயிட்டு பா. நான் இருக்கேன்.”

பிள்ளையைப் பற்றி அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அழுதுகொண்டே ஓடினாள். முகத்தைப் பார்க்கவில்லை. முதல் கதவு. தாழ்ப்பாள். வேலை முடிந்து எழுந்தபோது சத்தம் தொடங்கியது.

சொட்... சொட்...

பிறகு வேறு ஒன்று. கதவில் கண்ணாடி வளையல் உரசுகிற சத்தம். தரையிலிருந்து. தாழ்வாக.

அவள் வெளியே வந்தாள். வாசல் நாலடி. ஓடிவிடலாம்.

மூன்றாவது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மிக மெல்ல.

“யாராச்சும் இருக்கீங்களா?”

கால் ஓடவில்லை.

“யாராச்சும்... இருக்கீங்களாம்மா?”

அப்போது தனக்குத் தோன்றியது பயம் இல்லை என்று பிரவீனா பிறகு சொன்னாள். மூன்று வாரமாக என்னை அனுப்பி வைத்தாளே, இவளை யார் அனுப்பி வைப்பது... அவ்வளவுதான் தோன்றியதாம். பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தாள். கதவில் கையை வைத்தாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது. இரண்டு தட்டு தட்டினாள்.

“நான் இருக்கேங்க்கா.”

சொட்...

“எத்தினி பேர அனுப்பி வெச்ச. போதுங்க்கா. நான் இருக்கேன். நீ போயிட்டு வா.”

சொட்.

அடுத்த சொட்டு விழவில்லை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். லைன் அன்றைக்கு 11.46க்கு நின்றது. பதினாலாம் போர்டில் யாரும் இல்லை. நிற்கிற பிரவீனாவையே பார்த்துக்கொண்டிருந்த சத்யப்ரியா கண்ணைச் சிமிட்டித் திறந்தாளாம். போர்டு காலி. பதின்மூன்றாம் போர்டிலிருந்து கட்டுகள் வந்து குவிந்தன. பஸ்ஸர் வீணாக அடித்துக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது நிமிஷம். அந்த ஷெட் கட்டிய நாளிலிருந்து லைன் அவ்வளவு நேரம் நின்றதில்லை. கெம்பம்மா செத்த அன்றைக்குக்கூட நிற்கவில்லை.

12.15க்குப் பிரகாஷ், ஆண்கள் வரக் கூடாத இடம் என்பதையும் மறந்து, உள்ளே வந்துவிட்டான். பின்னால் சாந்தம்மா. பிரவீனா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“எந்திரி. கார்டு எங்க?”

“கதவத் தொறங்க சார்.”

“என்ன?”

“கெம்பக்கா போயிட்டாங்களான்னு பாக்கணும். தொறங்க.”

அந்தப் பெயரைக் கேட்டதும் பிரகாஷின் மீசை சின்னதாகிவிட்டது. இதைக் கூட்டிச் சொல்லவில்லை. செக்யூரிட்டியிடம் சாவி வாங்கி வந்து அவனே திறந்தான். துருப்பிடித்த பூட்டு மூன்றாம் தடவைதான் திறந்தது.

உள்ளே தரை காய்ந்து கிடந்தது. ஒரு வருஷத் தூசி. ஒரு கால்தடம் இல்லை. அந்த அறைக்குத் தண்ணீர் வரும் பைப்பைப் போன வருஷமே வெட்டி அடைத்துவிட்டார்கள். குழாய் வாயில் மட்டும் புதிதாகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஒழுகாமல் இருக்கச் சுற்றுவதுபோல் இறுக்கமாக. அந்த டேப் அந்த வாரம்தான் ஸ்டோருக்கு வந்திறங்கிய லாட். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஸ்டோரில் உட்கார்ந்து ரோல் ரோலாகப் பிரித்துக் கொடுத்தவனே நான்தான்.

சாந்தம்மா விரலால் தடவிப் பார்த்தாள். விரல் தடுக்கியது. இடது பக்கச் சுற்று.

பிரகாஷ் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தான்.

“நெஞ்சு வலிக்குது, வீட்டுக்குப் போறேன்னு சொன்னா. ரெண்டு பேர அனுப்பி வெச்சிட்டுப் போன்னேன். ரெண்டே ரெண்டு பேருதான். கணக்கு குறையுமேன்னு சொல்லிட்டேன்...” அவன் அழுது யாரும் அதுவரை பார்த்ததில்லை.

பிரவீனாவின் கார்டை அவன் வாங்கவில்லை. லைன் நின்றால் ஒரு தாளில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்ன காரணம். பிரகாஷ் ஒரு வருஷமாக எழுதாத ஒன்றை அன்று காரணம் என்ற கட்டத்தில் எழுதினான். இரண்டே சொல். ‘ரிலீவர் இல்லை.’

மனுஷன் செத்ததற்கு அசையாத மேலிடம் இருபத்தொன்பது நிமிஷத்துக்கு அசைந்தது. மீட்டிங் மேல் மீட்டிங். ஜனவரியிலிருந்து லைனுக்கு ஒரு ரிலீவர். பட்டியலில் பிரவீனா பெயர் இருந்தது. அதைச் சேர்க்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றவன் பிரகாஷ் என்று சொல்கிறார்கள். 2007 ஜூனில் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. திரும்பி வேலைக்கு வந்ததும், எனக்குப் போர்டு வேண்டாம், ரிலீவர் வேலை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒருத்தியின் தோளில் இரண்டு தட்டு. நீ போயிட்டு வா, நான் இருக்கேன். 11.40க்கு யாரும் வரவில்லை. குழாய் சொட்டவில்லை. கெம்பம்மா கடைசியில் போய்விட்டாள் என்று சாந்தம்மா ஒரு தேங்காய் உடைத்தாள்.

இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

2009இல் கம்பெனி சூளகிரியில் ஒரு புது ஷெட் கட்டியது. புது மெஷின், புது ஆட்கள். பழைய கம்பெனியிலிருந்து ஒருவரும் அங்கே மாற்றலாகவில்லை. புதுப் பெண்களுக்கு வேலை பழக்க ஒரு வாரம் போய் வரும்படி பிரவீனாவை அனுப்பினார்கள். முதல் நாள் டீ நேரத்தில் ஒரு சின்னப் பெண்ணிடம் விசாரித்தாள். நாமக்கல் பக்கத்துப் பெண், வந்து மூன்று வாரம்.

“பாத்ரூம் போவணும்னா என்னம்மா செய்வீங்க? இங்க ரிலீவரு யாரு?”

“பேரு தெரியலீங்க்கா. நல்ல அக்கா. கேக்கவே வேண்டியதில்ல, அவங்களே வந்துடுவாங்க. தமிழு மட்டும் செரியா வராது. போயிட்டு பா, போயிட்டு பாம்பாங்க.” சிரித்தாள்.

பிரவீனா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

“கோட்டு... நீலமா?”

“ஆமாங்க்கா.”

“இடது பக்கம் நனைஞ்சிருக்குமா?”

“இல்லீங்களே. நல்லா காஞ்சுதான் இருக்கும்.” அந்தப் பெண் டம்ளரை வைத்துவிட்டு யோசித்தாள். “நானே ஒருநாளு கேட்டேன், எங்கேர்ந்துக்கா வந்தீங்கன்னு. ‘பழைய கம்பெனில ஒரு பொண்ணு போயிட்டு வான்னு சொல்லுச்சு. போனேன். வந்துட்டேன்’னாங்க.”

பஸ்ஸர் அடித்தது. அந்தப் பெண் தன் போர்டுக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து பிரவீனா யாரையும் அப்படிச் சொல்லி அனுப்புவதில்லை. பூபதி ஆட்டோவை எடுக்கும்போதும் தலையை மட்டும் ஆட்டுகிறாள். ‘வா’ என்று ஒரே ஒரு சொல்லைக் கூடுதலாகச் சொல்லிவிட்டேனே என்று என்னிடம் புலம்பினாள். ‘போ’ என்று மட்டும் யாரம்மா சொல்வார்கள், நம் வாயில் அது வருமா என்றேன். அவள் சமாதானம் ஆகவில்லை.

சூளகிரி ஷெட்டில் ரிலீவர் போடச் சொல்லி அவள் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாள். மேலிடம் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. திறந்த நாளிலிருந்து இன்றுவரை அந்த லைன் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லையாம்.